விடைக்குப் பிறகு ஒரு கேள்வி

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்பாடுகளுக்குப் பஞ்சம் கிடையாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அட்டைகளும் ஏணிப்படிகளும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகையும் அதோடு வந்தன. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் பொம்மையும் விளையாட்டுமாக வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தால் பல செயல்பாடுகள் ஒரே இடத்தில் முடிந்துவிடுவது தெரியும். பிள்ளை விடை சொல்கிறது. ஆசிரியர் "வெரிகுட்" என்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறோம்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிள்ளை தன் தலைக்குள் நடந்ததைத் திரும்பிப் பார்க்க ஆரம்பிக்கும். சொல்லச் சொல்ல அதற்கே சில இடங்கள் பிடிபடும், சில இடங்கள் இடறும். சிந்தனை வளர்வது அங்கேதான். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாச் செயல்பாடுகளுமே அந்தக் கேள்விக்கு இடம் உண்டாக்கத்தான். புதிய உபகரணம் எதுவும் வாங்க வேண்டாம். இலை, கூழாங்கல், புளியங்கொட்டை, ஈர்க்குச்சி, தண்ணீர் இருந்தால் போதும்.

ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளையிடம் நாம் எதிர்பார்க்கும் சிந்தனை பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. இரண்டு பொருளை ஒப்பிட்டு ஒற்றுமையும் வேற்றுமையும் சொல்ல வேண்டும். ஒரு விதி வைத்துப் பிரிக்க வேண்டும். நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லி, நடந்தபின் சரிபார்க்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். பக்கத்துப் பிள்ளை சொன்ன காரணம் நன்றாக இருந்தால் தன் விடையை மாற்றிக்கொள்ள வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கடினம். பெரியவர்களுக்கே அது எளிதில் வருவதில்லை.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

செயல்பாட்டுக்குள் போவதற்கு முன் ஆசிரியர் பழக வேண்டியது இரண்டு.

ஒன்று, காத்திருப்பது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை, அதற்குள் அடுத்த பிள்ளையைக் கேட்கிறார் அல்லது தானே விடை சொல்லிவிடுகிறார் என்பது அதில் தெரிந்தது. காத்திருப்பதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. "தெரியாது" என்பது குறைந்தது. அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி கேட்கச் சின்னதாக இருக்கிறது. நாற்பது கண்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது மிக நீளமாகத் தோன்றும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். பிள்ளை விடை சொல்லி முடித்த பிறகும் ஒருமுறை எண்ணுங்கள். அந்த இரண்டாவது மௌனத்தில்தான் பிள்ளை, "இல்லை டீச்சர், இன்னொண்ணு..." என்று தொடரும்.

முந்திரிக்கொட்டையாகக் கத்தும் பிள்ளைகளை அடக்க ஒரு வழி உண்டு. "விடை தெரிஞ்சவங்க வாயைத் திறக்காம நெஞ்சுக்கு நேரா கட்டை விரலைக் காட்டுங்க" என்று பழக்குங்கள். மெதுவாக யோசிக்கும் பிள்ளைக்கு அதனால் நேரம் கிடைக்கும். பிறகு, "பக்கத்துல இருக்கறவங்ககிட்ட காதோட சொல்லு" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பொதுவில் கேளுங்கள்.

இரண்டாவது பழக்கத்தை நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். "ஏன்?", "எப்படி?" என்ற கேள்விகளைச் சரியான விடைக்கும் கேட்க வேண்டும். நம் வகுப்புகளில் பெரும்பாலும் தவறான விடைக்குத்தான் அவை வருகின்றன. சரியாகச் சொன்னால் பாராட்டு, தப்பாகச் சொன்னால் "எப்படி? மறுபடி பார்த்துச் சொல்லு". நாலே நாளில் பிள்ளை அந்தச் சமிக்ஞையைப் படித்துவிடும். அதன்பின் டீச்சர் "எப்படி?" என்றாலே விடையை அழித்துவிட்டு வேறு எழுதும். யோசனை நின்றுபோய், முகம் பார்த்து விடை மாற்றுவது பழகிவிடும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜேயின் புகழ்பெற்ற சோதனை ஒன்றில் இதற்குச் சான்று இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு தம்ளரில் சம அளவு தண்ணீர். பிள்ளையும் சமம் என்று ஒப்புக்கொள்கிறது. ஒன்றை ஒடுக்கமான உயரமான பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, "இப்ப எதுல அதிகம்?" என்று கேட்டால் ஐந்தாறு வயதுப் பிள்ளை உயரமானதில்தான் அதிகம் என்று சொல்லிவிடும். ஏழு வயது வாக்கில் அதே பிள்ளை, "ரெண்டும் சமம், மாத்தி ஊத்தினா தெரியும்" என்கிறது. பிற்பாடு, 1974இல், சூசன் ரோஸும் மரியன் பிளாங்க்கும் இதே வகைச் சோதனையைச் சற்று மாற்றிச் செய்தார்கள். முதலில் ஒருமுறை, பிறகு ஒருமுறை என்று இரண்டு தடவை கேட்காமல், மாற்றம் செய்த பிறகு மட்டும் ஒரே தடவை கேட்டார்கள். தவறுகள் குறைந்தன. பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முன்பு சொன்னது தப்பு போலிருக்கிறது என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அதனால் மறுபடி கேட்கும்போது, "நீ சொன்னது சரியா தப்பான்னு நான் இன்னும் சொல்லல, நீ எப்படி யோசிச்சேன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சில வாரம் சொன்னால் வகுப்பு நம்பிவிடும்.

இலைகளைப் பிரிப்போம்

முதல் வகுப்பிலிருந்தே செய்யலாம். பள்ளியைச் சுற்றி ஒரு நடை போய், கீழே விழுந்த இலைகளைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். வேம்பு, புங்கை, பூவரசு, அரசு, மா, கொய்யா, செம்பருத்தி என்று எட்டு வகையாவது கிடைத்தால் நல்லது. அரளியையும் எருக்கையும் தொடாமலிருக்க முதலிலேயே காட்டிக்கொடுத்துவிடுங்கள். அரளி நஞ்சு, எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு குவியல். "ஒரே மாதிரி இருக்கறதெல்லாம் சேர்த்து வைங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாதீர்கள். பெரும்பாலான குழுக்கள் முதலில் பெரிசு, சின்னது என்று பிரிக்கும், அல்லது பச்சை, பழுப்பு என்று. அப்படியே செய்யட்டும். முடித்ததும் போய் உட்கார்ந்து, "இந்தக் கூட்டத்துக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். பேர் வைக்கச் சொன்னால்தான் அதுவரை கையால் செய்ததற்குப் பிள்ளை ஒரு விதியைச் சொல்லியாக வேண்டியிருக்கும். பிறகு எல்லாவற்றையும் கலைத்து, "முன்னாடி பிரிச்ச மாதிரி இல்லாம, வேற விதமா பிரிக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

இரண்டாவது சுற்று கொஞ்சம் திணறும். விட்டுவிடுங்கள். யாராவது ஒரு பிள்ளை வேப்பிலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இதுல ரம்பம் மாதிரி இருக்கு" என்று சொல்லும். செம்பருத்தியிலும் அது உண்டு, புங்கையில் இல்லை. இன்னொன்று கசக்கி மோந்து பார்க்கும். கொய்யா மணக்கும், பூவரசு அவ்வளவாக மணக்காது. பூவரசும் அரசும் ஒரே உருவம் என்று ஒருவர் சேர்த்து வைக்க, "அரச இலைக்கு வால் இருக்குல்ல, அது வேற" என்று இன்னொருவர் எடுத்து வைப்பார். அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்காதீர்கள். "ஒரே கூட்டம்னு சொல்றவங்க காரணத்தைச் சொல்லுங்க. வேறன்னு சொல்றவங்களும் சொல்லுங்க" என்று இரண்டு பக்கத்தையும் பேசவிடுங்கள். உருவம் என்ற விதிப்படி அவை ஒன்று, வால் என்ற விதிப்படி வேறு. இரண்டும் சரியாக இருக்கக்கூடிய ஒரு கேள்வியைப் பள்ளியில் முதன்முதலாகச் சந்திக்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த நாள் விளையாட்டைத் திருப்பிப்போடுங்கள். தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் வரைந்து, நீங்கள் மனதுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டு இலைகளை ஒவ்வொன்றாக வட்டத்துக்குள் வையுங்கள். பேசக் கூடாது. விதி தெரிந்தவர்களும் அதைச் சொல்லக் கூடாது, அடுத்த இலையைச் சரியான வட்டத்தில் வைத்துத்தான் காட்ட வேண்டும். தப்பான வட்டத்தில் வைத்தால் நீங்கள் எடுத்து மாற்றி வைப்பீர்கள், அவ்வளவுதான். தன் ஊகம் பொய்த்த இலையைப் பார்த்துப் பிள்ளை ஊகத்தைத் திருத்தும். பிறகு பிள்ளைகளே விதி வைப்பார்கள். ஆரம்பத்தில் அவர்கள் வைக்கும் விதிகள் பாதியில் மாறிப்போகும். வகுப்பே அதைக் கண்டுபிடித்துக் கேட்கும், நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

மூன்றாம் வகுப்புக்கு ஒரு கூடுதல் கேள்வி: வேம்பில் ஒரு இலை என்பது எது? காம்போடு வரும் முழு ஈர்க்கா, அதிலுள்ள ஒவ்வொரு சிறு இலையுமா? பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வாதாடுவார்கள். நிழலில் ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்து, இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மொட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈர்க்கின் அடியில் இருக்கும், சிறு இலைகளின் அடியில் இருக்காது. தாவரவியல் முழு ஈர்க்கையும் ஒரே கூட்டிலை என்று கணக்கிடுவதும் இதை வைத்துத்தான். யார் பக்கம் அதிகம் பேர் என்று எண்ணாமல், மரத்திடமே போய்ச் சரிபார்க்கலாம் என்று பிள்ளை இதில் பழகும்.

காகமும் பாட்டிலும்

தாகம் கொண்ட காகம் பானையில் கல் போட்ட கதை தெரியாத பிள்ளை கிடையாது. கதையைச் சொல்லி, நீதியைச் சொல்லி, படம் வரையச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் கதைக்குள் ஒரு வாரத்துக்கான வேலை இருக்கிறது.

ஒரே மாதிரி இரண்டு தண்ணீர் பாட்டில்களின் கழுத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டிய ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டால் கை கீறாது. ஒன்றில் கால் அளவுக்குத் தண்ணீர். இன்னொன்றில் பாதிக்குச் சற்று மேல். தண்ணீர் நிற்கும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு. பக்கத்தில் நிறையக் கூழாங்கல்.

கல்லைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு எழுதுங்கள்: இரண்டு பாட்டிலிலும் தண்ணீர் விளிம்பு வரை வருமா? ஒன்றில் மட்டும் வருமா? எதிலும் வராதா? கீழ்மட்டக் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, பிள்ளையே போய்த் தன் பேரை எழுதட்டும். இதைத் தவிர்க்காதீர்கள். பேர் எழுதிவிட்ட பிள்ளை முடிவைப் பார்க்கும் பார்வையே வேறு. எழுதாத பிள்ளை, நடந்து முடிந்ததும், "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிவிடும். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

கிட்டத்தட்ட எல்லாப் பேரும் "ரெண்டுலயும் வரும்" என்ற கட்டத்தில்தான் இருக்கும். கதையில் வந்ததே.

பாதிக்கு மேல் தண்ணீர் இருந்த பாட்டிலில் கல் விழ விழத் தண்ணீர் ஏறி வழிந்துவிடும். ஒரே குதூகலம். அடுத்து கால் பாட்டில். கல் விழுகிறது, தண்ணீர் கொஞ்சம் ஏறுகிறது. இன்னும் கல். பாட்டில் விளிம்பு வரை கல் நிரம்பிவிடும், தண்ணீர் அதற்குக் கீழேயே நிற்கும். இனிப் போட இடமில்லை. வகுப்பு அமைதியாகிவிடும். இப்போது நீங்கள் விளக்கம் சொல்லத் துடிப்பீர்கள். சொல்லாதீர்கள். "ஏன் இதுல வரலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

"கல்லு பத்தலை டீச்சர்." போட இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "தண்ணி ஓட்டை வழியா போயிருச்சு." பாட்டிலைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "கல்லு தண்ணியக் குடிச்சிருச்சு." ஒரு கல்லைத் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்து, அது எவ்வளவு குடித்திருக்கும் என்று யோசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை சொல்லும் எந்தக் காரணத்தையும் மறுக்க வேண்டியதில்லை. அதைச் சோதிக்க ஒரு வழி காட்டினால் போதும். கண்ணைப் பாட்டிலுக்கு அருகில் கொண்டுபோன பிள்ளை ஒன்று கடைசியில் கண்டுபிடிக்கும்: "கல்லுக்கு நடுவுல சந்து இருக்கு. தண்ணி அதுக்குள்ள போய் உக்காந்துக்குது."

அதேதான் காரணம். உருண்டைக் கற்களைக் கொட்டி நிரப்பினால் கொள்ளளவில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இடைவெளியாக நிற்கும். பாட்டிலில் முதலில் இருந்த தண்ணீர் அந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கும் குறைவு என்றால் விளிம்புக்கு வரவே வராது. இந்தக் கணக்கு உங்களுக்குத்தான், பிள்ளைகளுக்குச் சந்து போதும்.

"அப்போ காகம் வேற என்ன போட்டிருந்தா தண்ணி வந்திருக்கும்?" இதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் யோசித்து வரட்டும். மணல் என்று வரும். மணலைக் கொட்டிப் பாருங்கள். அதிலும் கண்ணுக்குத் தெரியாத சந்துகள் உண்டு, தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். பெரிய கல் என்று வரும். அதையும் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் கல், கொஞ்சம் மணல் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் குலுக்கலாம் என்று யாராவது சொன்னால், அன்று அந்த வகுப்புக்குத் திருவிழா. மணல் கல்லின் சந்துகளை அடைத்துவிடும். தண்ணீருக்கு ஒளிய இடம் குறையும். கால் பாட்டிலிலும் அது மேலே ஏறி வரும். கொத்தனார் வேலைக்குப் போகும் அப்பாவோ சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவோ இருக்கும் பிள்ளையைக் கேளுங்கள், ஜல்லியோடு மணலையும் ஏன் சேர்க்கிறார்கள் என்று. கான்கிரீட் கலவையில் மணல் ஜல்லியின் இடுக்கை அடைக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை அன்று வகுப்புக்கே பாடம் சொல்லும்.

"நிஜமாவே காக்கா அப்படிச் செய்யுமா டீச்சர்?" என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். செய்யும் என்று சொல்லலாம். 2009இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி இருவரும் காக இனத்தைச் சேர்ந்த ரூக் என்ற பறவைகளுக்கு, ஒடுக்கமான குழாயில் தண்ணீர் ஊற்றி, அதில் எட்டாத ஆழத்தில் புழுவை மிதக்கவிட்டார்கள். பறவைகள் கல்லைப் போட்டுத் தண்ணீரை உயர்த்திப் புழுவை எடுத்தன. சின்னக் கல், பெரிய கல் இரண்டும் இருந்தபோது பெரியதைத் தேர்ந்தெடுத்தன. "பெரிய கல்லை ஏன் எடுத்திருக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். மறுபடி ஒரு பாட்டில் வரும்.

பல்லாங்குழியில் முன்யோசனை

பல்லாங்குழிக்குப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து காய் என்றால் மொத்தம் எழுபது. ஒன்றாம் வகுப்புக்கு அவ்வளவு வேண்டாம். மண்ணில் ஏழு குழி ஒரே வரிசையாகத் தோண்டி, குழிக்கு மூன்று புளியங்கொட்டை போடுங்கள். குன்றிமணியைப் பயன்படுத்தாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் பருப்பு கொடிய நஞ்சு, சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக் கடிக்கக் கூடியவர்கள்.

ஆட்டத்தில் நாம் சேர்க்கும் ஒரே மாற்றம் இது: காயைக் கையில் எடுப்பதற்கு முன், கடைசிக் காய் எந்தக் குழியில் விழும் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் பிள்ளை ஒவ்வொரு குழியாகத் தொட்டு எண்ணும். சில நாளில், மூன்று காய் என்றால் மூன்றாவது குழி என்று தொடாமலே தாவிவிடும். "தொடாம எப்படிச் சொன்னே?" என்று அப்போது கேட்க வேண்டும். கூட்டலின் அடிப்படை அந்த விடையில் இருக்கும்.

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முழுப் பலகையில் ஆடலாம். இரண்டு குழிகளில் எதை எடுத்தால் ஆதாயம் என்று ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எதிராளி சேர்த்துவரும் பசுவை, அதாவது ஒரு குழியில் சேரும் நாலு காயை, கவனிக்கிறார்களா பாருங்கள். மூன்றாம் வகுப்பில் சிலர் ஆடுபுலி ஆட்டத்துக்கும் தயாராக இருப்பார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்காரராக உட்காரும் பிள்ளை, புலி அடுத்து எங்கே பாயும் என்று எதிராளியின் கண்ணால் பார்த்தாக வேண்டும். எட்டு வயதுக்கு அது நல்ல பயிற்சி. கட்டாயப்படுத்த வேண்டாம்.

இன்னொரு விளையாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பதினாறு படங்களைப் பரப்பிவிட்டு, ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆம், இல்லை என்று பதில் வரும்படி மட்டும் கேட்கலாம். ஆறு வயதுப் பிள்ளை, "மாம்பழமா?", "பஸ்ஸா?" என்று ஒவ்வொன்றாகக் குறிவைக்கும். எட்டு வயது வாக்கில், "அது திங்கிறதா?" என்று கேட்கத் தொடங்கும். அந்த ஒரு கேள்வியில் பாதிப் படங்கள் கழிந்துவிடும். நன்றாகக் கேட்டால் நாலு கேள்வியில் பதினாறும் ஒன்றாகிவிடும். கழிந்த படங்களைக் கவிழ்த்துக்கொண்டே வாருங்கள். எந்தக் கேள்வி அதிகப் படங்களைக் கவிழ்த்தது என்று பிள்ளைகளே கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

தப்பு விடைக்குள் ஒரு விதி

இரண்டாம் வகுப்பில் அடிக்கடி வரும் ஒன்று: 42இலிருந்து 17 போனால் 35. சிவப்பு மையில் சுழித்துவிட்டால் கதை முடிந்தது. கேட்டுப் பாருங்கள்.

"எப்படி வந்துச்சு, சொல்லு கண்ணு."

"ரெண்டுல ஏழு போகாது டீச்சர். ஏழுல ரெண்டு போனா அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு."

பிள்ளை கவனக்குறைவாக இருக்கவில்லை. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதியை உண்டாக்கி, அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. அந்த விதியைக் கொடுத்தது நாம்தான். முதல் வகுப்பு முழுக்க அப்படிப்பட்ட கணக்குகளை மட்டுமே கொடுத்தோம். விதி எங்கே செல்லாது என்று அதற்குத் தெரிய வேண்டும். திரும்பத் திரும்ப "கடன் வாங்கு" என்று சொல்வதால் அது தெரியாது.

ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். நாலு கட்டும் இரண்டு உதிரியும் பிள்ளை கையில். "பதினேழு குச்சி எனக்குக் குடு." ஒரு கட்டைத் தரும். உதிரி இரண்டையும் தரும். ஐந்து குறையும். கட்டைப் பார்க்கும், உங்களைப் பார்க்கும். பேசாமலிருங்கள். கட்டை அவிழ்க்கலாமா என்று அதுவே கேட்கும் அல்லது கேட்காமலே அவிழ்த்துவிடும். கொடுத்தது போக இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் மிச்சம். "முன்னாடி 35ன்னு சொன்னே, இப்ப கையில 25 இருக்கு. எதை நம்பலாம்?" தீர்ப்பை அதன் வாயிலிருந்தே வரவிடுங்கள். பிறகு நோட்டுக்குப் போய், எழுதியதில் எந்த இடத்தில் பிசகியது என்று அதுவே காட்டட்டும்.

சரியாகப் போட்டவர்களுக்கும் இதே மரியாதை வேண்டும். 8ஐயும் 7ஐயும் கூட்டினால் 15 என்பது எல்லோருக்கும் வரும். ஒருவர் ஏழிலிருந்து இரண்டைப் பிடுங்கி எட்டைப் பத்தாக்கியிருப்பார். ஒருவர் இரண்டு ஏழு பதினான்கு, அதோடு ஒன்று என்றிருப்பார். ஒருவர் விரலை மடக்கியிருப்பார். மூன்றையும் பலகையில் எழுதி, "நாளைக்கு 9ம் 6ம் வந்தா இதுல எந்த வழி சுலபம்?" என்று கேளுங்கள்.

வீட்டில்

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தனியாக நேரம் ஒதுக்கிப் பாடம் நடத்த வேண்டாம். இருக்கிற வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். துணி மடிக்கும்போது யார் துணி எது என்று பிரிக்கட்டும். சொம்புத் தண்ணீர் எத்தனை தம்ளர் வரும் என்று ஊற்றுவதற்கு முன் சொல்லட்டும். பதினோரு இட்லியை நாலு பேருக்கு எப்படிப் பங்கு வைக்கலாம், மிச்சம் வருவதை என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கட்டும். மிச்சத்தைப் பாட்டிக்குக் கொடுக்கலாம் என்றால் அதற்கும் ஒரு காரணம் கேளுங்கள், சுவாரசியமான பதில் வரும். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியல, எப்படிப் பார்க்கலாம்?" என்று சொன்னால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாலும் இதைச் செய்ய முடியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எதற்கெடுத்தாலும் "ஏன், எப்படி" என்று குடையாதீர்கள். ஒரு நாளைக்கு நல்ல கேள்வி ஒன்றோ இரண்டோ போதும். சலித்துப்போன பிள்ளை, "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும்.

பேசாத பிள்ளை

எந்த வகுப்பிலும் நாலைந்து பேர் இப்படி இருப்பார்கள். கூச்சத்தால் சிலர். வீட்டு மொழி வேறு என்பதால் சிலர். வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த திருப்பூர் போன்ற ஊர்களில் இந்தியோ ஒடியாவோ பேசி வளர்ந்த பிள்ளைகள் தமிழ் வகுப்பில் இருக்கிறார்கள். எல்லை மாவட்டங்களில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள். தமிழே பேசினாலும் புத்தகத் தமிழில் சொல்ல வேண்டுமோ என்று தயங்கும் பிள்ளைகளும் உண்டு. சிந்தனைக்கு வீட்டு மொழிதான் முதல் வழி. "உன் வீட்டுல பேசற மாதிரியே சொல்லு" என்று சொல்லிவிடுங்கள். அதே மொழி தெரிந்த இன்னொரு பிள்ளை பக்கத்தில் இருந்தால் முதலில் அதனிடம் சொல்லட்டும். வாயால் சொல்ல வராததைக் கையால் காட்டலாம்: இலையை வட்டத்தில் வைப்பது, குழியில் விரல் வைப்பது, கட்டை அவிழ்ப்பது. மேலே சொன்ன செயல்பாடுகளை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பேச்சு தாமதமானாலும் யோசனை கண்ணுக்குத் தெரியும்.

மூன்று வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் பள்ளி என்றால், இலைப் பிரிப்பையும் பாட்டிலையும் எல்லோரும் சேர்ந்தே செய்யலாம், கேள்வி மட்டும் வகுப்புக்கு வகுப்பு மாறட்டும். ஒன்றாம் வகுப்பிடம் "என்ன நடக்கும்?", இரண்டாம் வகுப்பிடம் "ஏன் நடந்தது?", மூன்றாம் வகுப்பிடம் "எதை மாத்தினா வேற மாதிரி நடக்கும்?".

வளர்ச்சியைத் தேர்வு வைத்து அளக்க முடியாது. நோட்டு ஒன்றில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர்கள் சொன்ன மாதிரியே, தேதியோடு எழுதுங்கள். ஜூனில் "எனக்குத் தெரியும் டீச்சர்" என்று மட்டும் இருக்கும். அக்டோபரில் "ஏன்னா" என்ற சொல் வந்திருக்கும். பிப்ரவரியில் "இருந்தா", "இல்லேன்னா", "அவன் சொன்னது சரி, ஆனா" என்று வரத் தொடங்கியிருக்கும். எந்தப் பிள்ளையின் பக்கம் வெறுமையாக இருக்கிறதோ, அடுத்த வாரம் அதன் குழுவில் போய் உட்காருங்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு அந்தப் பக்கத்தையும் வாசித்துக் காட்டுங்கள்.